சேலம் போகாத சனிக்கிழமை

இந்த நாட்டில் கார் நின்றுபோனால் யாரும் கிட்டே வருவதில்லை. போன குளிர்காலத்தில், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பெட்ராவின் கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. அவள் பதறவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மஞ்சள் சட்டைகளை எடுத்து, ஒன்றை எனக்கு மாட்டிவிட்டாள். சிவப்பு முக்கோணம் ஒன்றைத் தூரத்தில் வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் ஊர்ப் பழக்கத்தில், போகிற வண்டிகளைப் பார்த்துக் கையைக் காட்டினேன். ஒருவரும் நிறுத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும் சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். "உனக்குத் தெரிந்தவரா?" என்று பெட்ரா கேட்டாள். உதவிக்குக் கூப்பிட்டேன் என்றேன். "உதவிக்குத்தான் போன் செய்துவிட்டேனே" என்றாள். அவள் சொன்னது சரி. முக்கால் மணி நேரத்தில் பழுது பார்க்கும் வண்டி வந்துவிட்டது. எங்கள் மலையில் கார் நின்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு விவரமாகச் சொல்ல ஆசைப்பட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். இந்த ஆவணியில் எங்கள் கார் நின்ற கதையை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. என் கணவர் தங்கவேல், ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதிலிருந்து, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பது வரை எல்லாம் அவர்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் முதலில் போவது, வேலை நிலைத்ததும் அவர் வந்து சேர்வது என்று பேசிக்கொண்டுதான் புறப்பட்டேன். அப்படி வர, ஜெர்மன் மொழியின் ஆரம்பப் பரீட்சையில் அவர் தேற வேண்டும். சேலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு. ஞாயிறு சாயங்காலம் போனில் "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்பேன். "இஷ் ஹைஸ தங்கவேல்" என்பார். என் பெயர் தங்கவேல். இன்னொரு வாரம் "இஷ் வோன இன் நாகலூர்" என்பார். நான் நாகலூரில் குடியிருக்கிறேன். தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலில் அந்தச் சொற்களைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும். திருத்துவேன், மறுபடி சொல்லச் சொல்லுவேன். ஒரு வருடம் இப்படிப் போயிற்று. ஆனி மாதத்தில் பரீட்சை எழுதித் தேறிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு நான் கேசரி கிண்டி, இல்லத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஆவணியில் மூன்று வார லீவில் ஊருக்கு வந்தேன். லீவு முடியும் திங்கட்கிழமை, சென்னையில் விசா மனுவைக் கொடுக்க அவருக்கு நேரம் வாங்கியிருந்தோம். எல்லாக் காகிதமும் தயார். சர்டிபிகேட் மட்டும் மையத்திலேயே இருப்பதாக, நான் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின சனிக்கிழமையும் வந்துவிட்டது; ஞாயிறு வகுப்பு மட்டும்தான், அலுவலகத்தைச் சனிக்கிழமை ஒரு மணிக்கே பூட்டிவிடுவார்கள். "நான் பஸ்ஸுல போயி வாங்கியாறேன். நீ ஊட்ல இரு" என்றார். நானும் வருகிறேன், அப்படியே துணி எடுத்துக்கொண்டு வரலாம் என்று சொல்லிக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு சாவியை எடுத்து வந்தார்.

பழைய வெள்ளைக் கார். மூன்று கிலோமீட்டர் கூடப் போகவில்லை. சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் ஏறும்போது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாவம், நேரமாகிறதே என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. களைவெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒருத்தி ஓடிப்போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். நாகலூரிலிருந்து வந்த பஸ் எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க ரைட்டரே, ரெண்டு பேரும் ஏறுங்க. டவுன்ல எறக்கி உட்டர்றேன், சேலம் பஸ்ஸு நின்னுட்டு இருக்கும்" என்றார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் அசையவில்லை. "வேண்டாமுங்க, மெக்கானிக் வந்திருவாப்ல. நீங்க போங்க" என்றார். காரை யாராவது பார்த்துக்கொள்ளட்டுமே, நாம் போகலாமே என்று கேட்டேன். பஸ் போய்விட்டது.

ஏற்காடு டவுனிலிருந்து மெக்கானிக் பாபு பைக்கில் வந்தான். பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்ததும் நிமிர்ந்தான். "போன வாரமே சொன்னனுங்களே ரைட்டரே. ஓஸு வெடிச்சிருக்குது, இத மாத்தாம வண்டிய எடுக்காதீங்கன்னு. புது ஓஸும் குடுத்து உட்டேன். டிக்கிலதானுங்களே இருக்குது?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்கும் குடைக்கும் நடுவில், கவர் கூடப் பிரிக்காமல், கறுப்பாக ஓர் ஓஸ், என்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய், கிடந்தது. அதை எடுத்துப் பாபுவிடம் கொடுத்தேன். அதைப் போட்டு முடிக்க அவனுக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. தண்ணீர் ஊற்றி, வண்டியை முறுக்கிப் பார்த்தான். "இனிக் கவலையில்லீங்க. பன்னெண்டரைக்குள்ள சேலம் போயிரலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். கூட்டமும் கலைந்தது.

காரில் நாங்கள் இருவர் மட்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"போலாங்களா?" என்றேன்.

"போயி என்ன பண்றது, கோகிலா" என்றார். "அங்க ஒண்ணும் இல்ல. நான் பரீட்ச எழுதவே இல்ல."

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "நாலு வாரந்தான் போனேன். எல்லாம் இருவது வயசுப் புள்ளைங்க. எந்திரிச்சு நின்னு பேசச் சொல்லுவாங்க, எனக்கு வாயே வராது. அதுனால நிறுத்தல. அஞ்சாவது வாரம் பஸ்ஸுக்கு நின்னேன். பஸ்ஸு வந்துச்சு. கை காட்டோணும்னுதான் நின்னேன், காட்டல. அதுபாட்டுக்குப் போயிருச்சு. ஊட்டுக்கு வந்து படுத்தேன். நொம்ப நாளைக்கப்பறம் நல்லாத் தூங்குனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

"நீ போன்ல சிரிச்சிட்டிருந்த."

ஒரு வருடமாக அவர் எனக்குச் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெயர், ஊர், வயது, காபி பிடிக்கும், தேநீர் பிடிக்காது. எல்லாமே முதல் நான்கு பாடங்களில் இருப்பவை. அவற்றையே மாற்றி மாற்றி வைத்து ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியிருக்கிறார். அந்த மொழியில் வேலை பார்க்கிற எனக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கோபம் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்பு அந்த ரோட்டில் நின்ற ஒவ்வொருவரும் அவரைக் கூப்பிட்ட விதம் காதிலேயே இருந்தது. பெட்ராவோடு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நான் நின்றது போல, இவர் ஒரு தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கோபம் நிலைக்கவில்லை.

"நீங்க வராட்டி நான் என்னங்க பண்றது?"

"வந்துரு" என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ஆனால் சொல் வரவில்லை. இரண்டாவது மாடியில் என் சாவியால் நான் திறக்கும் கதவு, என்னைத் தவிர வேறு யார் கையிலும் சாப்பிடாத முதியவர்கள், நான்கு வருடமாக முட்டி மோதி நான் கற்ற மொழி. அவரிடம் நாகலூரை விட்டு வரச் சொன்ன நான், இவற்றை விட்டு வர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நான்கு வருடத்தில் புரியாதது அவருக்கு அந்த ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. என் தலையில் கை வைத்து, "அழுவாத. உன்னக் கொற சொல்லல" என்றார். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். வழியில் களைவெட்டுப் பெண்கள் நிமிர்ந்து, "சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டார்கள். "ஆச்சுங்க" என்றார்.

திங்கட்கிழமை சென்னைக்கு நான் மட்டும் போனேன். விசா அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே விமான நிலையம். பஸ் ஏற்றிவிட வந்த என் கணவர், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னார். பண்ணினேன். இன்றும் ஞாயிறுதோறும் பேசிக்கொள்கிறோம், தமிழில் மட்டும்.

திரும்பி வந்த மறுவாரம், சாயங்காலம் ஏழு மணி. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தலைவலி என்று உள்ளறையின் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கியிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வெபர், கையில் திருப்புளியும் சின்னத் தகடும் வைத்துக்கொண்டு நின்றார். இங்கே கதவில் பெயர் இல்லாவிட்டால் தபால்கூட வராது. என் கணவர் வரப்போகிறார் என்று முன்பு ஒருமுறை சந்தோஷத்தில் அவரிடம் சொல்லியிருந்தேன். என் பெயரும் என் கணவர் பெயரும் சேர்த்துப் பொறித்துக் கொண்டுவந்திருக்கிறார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இருட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவர் தூங்குகிறாரா?" என்று கேட்டார்.

நாகலூரில் அப்போது இரவு பத்தரை மணி.

"ஆமாம்" என்றேன். "தூங்கிக்கொண்டிருக்கிறார்."

அவர் மன்னிப்புக் கேட்பது போலத் தலையசைத்தார். பிறகு தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாதபடி, சத்தமே வராமல், ஒவ்வொரு திருகாணியாக மெல்ல முடுக்கத் தொடங்கினார்.