ரெக்கார்டு அக்கா கையெழுத்துப் போடவில்லை

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயர் உண்டு: உடும்பு. பிடித்தால் விடமாட்டாள் என்று வைத்த பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு வருடமாக நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. யாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், யாருக்கு எந்தச் சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருந்தது. சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மொத்தத்தையும் தனி டிஸ்கில் பேக்கப் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.

ஒரு ஞாயிறு இரவு கரண்ட் போய்ப் போய் வந்தது. திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால், பாதிப் பேருடைய பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. சர்வீஸ்காரர் வந்தார். டிஸ்கைச் செருகிப் பழைய ரெக்கார்டுகளை மீட்கப் பார்த்தார். முக்கால்வாசி ஓடி நின்றது. திரையில் ஏதோ செய்தி வர, அதைப் படிக்காமலே மூடினார். மூன்று முறையும் இதே கதை.

“பேக்கப் சரியா எடுக்கல டாக்டர். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கிறதுதான் வழி” என்றார்.

பெரிய டாக்டர் மேனேஜரைப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் மேனேஜர் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். ‘என் கவனக்குறைவால் ரெக்கார்டுகள் தொலைந்துபோயின’ என்று அதில் இருந்தது.

“சும்மா ஒரு சம்பிரதாயம்தாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க.”

இதே சொற்களை அவள் இருபத்திரண்டு வயதில் ஒரு தையல் கம்பெனியில் கேட்டிருக்கிறாள். யாரோ எடுத்துப்போன துணிக்கட்டுக்காகப் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். மறுவாரமே வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ மறந்திருக்கிறாள். அந்தப் பேனாவின் கனம் மட்டும் மறக்கவில்லை.

“போட மாட்டேன் சார்” என்றாள். “தம்பி, இன்னொரு தடவ ஓட்டுங்க. செய்தி வந்தா மூடாதீங்க. நான் படிக்கணும்.”

சர்வீஸ்காரர் பெருமூச்சு விட்டு ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. அவள் கண்ணாடியை இறக்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு ஃபைலின் பெயர். அதை வேறொரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது, அதனால் அதன்மேல் எழுத முடியவில்லை என்று இருந்தது.

“டிஸ்க் கெட்டிருந்தா படிக்க முடியலன்னுதானே சொல்லும்? இது எழுத முடியலங்குது. கோளாறு டிஸ்க்ல இல்ல, இங்க. எதுக்கும் ஒரு புது ஃபோல்டர்ல போட்டுப் பாருங்க.”

காலி ஃபோல்டரில் தடையில்லாமல் முழுதும் இறங்கியது. காணாமல்போன பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சர்வீஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப பழைய இடத்துல ஃபைல யாரோ பிடிச்சிட்டிருக்காங்க அக்கா. அத விடுவிச்சாத்தான் அங்க ஏத்த முடியும்.”

“யாருன்னு பாத்துடலாம்.”

டாக்டர் அறையில் ரெக்கார்டு புரோகிராமை மூடவைத்தாள். மூக்குக்கண்ணாடி விற்கும் கவுண்டரிலும் மூடவைத்தாள். அப்போதும் ஃபைல் விடுபடவில்லை. ஹாலுக்கு வந்து நின்றபோது சுவரில் தொங்கிய திரை, அடுத்த நோயாளியின் எண்ணையும் பெயரையும் காட்டியது. பெயர் அதற்கு எங்கிருந்து வருகிறது? அவளுடைய ரெக்கார்டிலிருந்துதான்.

“அந்தத் திரைய நிறுத்துங்க.”

மேனேஜர் குறுக்கே வந்தார். “கூட்டத்தப் பாருங்கம்மா. போர்ட நிறுத்தினா யார் யாரக் கூப்பிடுறது?”

“எனக்குத் தொண்டை இருக்கு சார்.”

நிறுத்தினார்கள். அரை நிமிடத்தில் அது தானாகவே மறுபடி எழுந்துகொண்டது. நிறுத்தினாலும் பின்னணியில் மறுபடி ஓடும்படி யாரோ அமைத்திருந்தார்கள். சர்வீஸ்காரர் அதைப் பட்டியலில் தேடிப் பிடித்து, மீண்டும் எழாதபடி முடக்கினார். இப்போது இருப்பதையும் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஓட்டச் சொன்னாள் அவள். பிறகு ஹாலில் நின்று, கையில் காகிதப் பட்டியலோடு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். காது மந்தமான ஒரு பெரியவர், “திரையவிட இது நல்லா கேக்குதும்மா” என்றார்.

பதினொன்றரைக்குச் சர்வீஸ்காரர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சனிக்கிழமை மதியத்துக்குப் பின் வந்த பதினொரு பேருடைய விவரம் மட்டும் பேக்கப்பில் இல்லை. அவர்களுடைய பதிவுச் சீட்டுகளைப் பார்த்து அவற்றை அவளே ஏற்றினாள்.

“சரி, முடிஞ்சது. விடுங்கம்மா” என்றார் டாக்டர்.

“விட முடியாது டாக்டர். என் கவனக்குறைவுன்னு எழுத ஒரு காகிதம் கிடைச்சுது. நடந்தது என்னன்னு எழுதவும் ஒண்ணு வேணும். நாளைக்கு என் இடத்துல வேற ஒருத்தி இருந்தா அவ தலையிலயும் இதே மிளகாயத்தான் அரைப்பீங்க.”

அவள் நின்றபடியே எழுதினாள்: பேக்கப் சரியாக இருந்தது, ஹால் திரையின் புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்திருந்தது, மீட்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் அதன்பின் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது.