சாவடியின் முதல் தூண்

காலை ஆறேகால் மணி. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் முதல் பஸ்ஸின் ஹாரன் அந்த நேரத்துக்குத்தான் வயல்களைத் தாண்டி எங்கள் சேரிக்குக் கேட்கும். கண் விழித்ததும் முதலில் தெரிந்தது அப்பாவின் முதுகு. வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் பின் சக்கரத்தருகே குந்தியிருந்தார். கையில் கந்தல் துணி. துடைக்கிறார் என்று நினைத்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சைக்கிள் என்னுடையதல்ல. அப்போது நான் சென்னையில் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பும்போது விடுதியில் அடுத்த அறைக்காரன் கொடுத்து அனுப்பினான். பஸ்ஸின் கூரையில் வாழைத்தார்களோடு கட்டப்பட்டு அது ஊர் வந்து சேர்ந்தது. அதுவரை எங்கள் சேரியில் யாரிடமும் சைக்கிள் இருந்ததில்லை. அதனால் சேரி ஆள் சைக்கிளில் ஊர்த் தெரு வழியே போகலாமா என்ற கேள்வியும் எழுந்ததில்லை. செருப்புக்கு மட்டும் விதி இருந்தது: கிராமச் சாவடியின் முதல் தூண் வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரு முடிந்து ஏரி மதகு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். சைக்கிள் வந்ததும் செருப்பின் விதியை அதற்கும் நீட்டிவிட்டார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வகுப்பில் இப்படி ஒரு விதியை இன்னொன்றுக்கு நீட்டுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் யார் சபையில் உட்காரலாம், யார் கூடாது என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த விதியை யாரும் எங்கும் வெட்டவில்லை. ஆனாலும் அது தெரியாதவர் ஊரில் இல்லை.

விடுமுறை முழுக்க அப்பா சொற்படி ஏரிக்கரையைச் சுற்றியே போய் வந்தேன். கரை முழுக்கக் கருவேல முள். வழியும் இரட்டிப்பு. அப்பா சைக்கிளருகே குந்தியிருந்த அன்றைக்கு, நான் முன்பு படித்த உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில், பெரிய வகுப்புப் பையன்களிடம் பேச வரும்படி தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். தெரு வழியாகத்தான் போவது என்று முடிவு செய்தேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா வேகவைத்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டி நடுவில் வைத்தபோது அதை அப்பாவிடம் சொன்னேன்.

"நாளிக்கு தெரு வழியாத்தான் போவப் போறேன், நைனா. எறங்க மாட்டேன்."

"ஏரிக்கரைக்கு இன்னா வந்துது?"

"தெரு எல்லாருக்கும் பொது. போவக்கூடாதுன்னு எவனாவது தடுத்தா ஜெயிலு. சட்டம் வந்து எத்தினி வருசம் ஆவுது."

அப்பா ஒரு கடலையை உடைத்து, உள்ளே சொத்தையா என்று பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார். "அவுங்க தடுக்க மாட்டாங்கடா. நாளிக்கு அறுப்புக்கு நீங்க வராதீங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கு ஜெயிலு கீதா?"

நான் படித்த புத்தகங்களில் அதற்குப் பிரிவு இல்லை.

"நீ ரெண்டு நாள்ல மெட்ராஸுக்குப் பூடுவே. நாங்க இங்கியேதான கெடக்கணும்" என்றார்.

"தின்னுட்டுப் பேசுங்க. ஆறிப் பூடுது" என்றாள் அம்மா.

தை மாத அறுப்புதான் எங்கள் வீட்டுக்கு அரை வருஷச் சாப்பாடு. அப்பா மணியக்காரரின் நிலத்தில் வேலை செய்பவர். அறுப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதை மணியக்காரர் சாவடியில் உட்கார்ந்தபடி சொல்வார். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் இறங்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்பா அதற்கு மேல் வாதாடவில்லை. எழுந்து போய்ச் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னாடா, குட்டியா மூடி மாதிரி கீது?"

"வால்வு. மூடிக்கு அடியில ஒரு திருகு கீது பாரு, அத்த லூசாக்கினா காத்து கொஞ்சங் கொஞ்சமாப் பூடும்."

"ஓகோ" என்றார்.

மறுநாள் காலை, அப்பா துடைத்து வைத்த சைக்கிளில் வெளுத்த சட்டையும் வேட்டியுமாகக் கிளம்பினேன். சேரியைத் தாண்டி வரப்புப் பாதையில் ஏறும்போதே வண்டி கனத்தது. ஊர் எல்லையில் பின் சக்கரம் கல்லில் இடித்தது. சாவடி கண்ணுக்குத் தெரிந்தபோது டயர் நசுங்கி, இரும்பு வளையம் தரையில் தடதடத்தது. விடாமல் மிதித்தேன். ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. சைக்கிள் குறுக்கே திரும்பி நின்றது. கீழே விழாமல் காலை ஊன்றி இறங்கினேன். இறங்கிய இடம் சாவடியின் முதல் தூண்.

மணியக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர். எதிரே டீக்கடை.

"யார்ரா அது? நம்ம ஆளு மவனா? வக்கீலுக்குப் படிக்கறவன்?"

"ஆமாங்க."

"பாத்தீங்களாய்யா!" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினார். "மெட்ராஸ்ல படிச்சும் எடம் வந்ததும் எறங்கறான் பாரு. அதான் வளப்பு."

"அதில்லீங்க. காத்து எறங்கிடுச்சு."

"காத்து எறங்கினா இன்னா, நீ எறங்கினியே, அத்தச் சொல்றேன்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார். டயரைக் காட்டினேன். யாரும் டயரைப் பார்க்கவில்லை. "வெக்கப்படறான்யா" என்றார் ஒருவர்.

"யோவ், வக்கீலுக்கு ரெண்டு மசால்வடை குடு. என் கணக்குல" என்றார் மணியக்காரர்.

டீக்கடைக்காரர் வடையைக் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டி, கடைக்கு வெளியே வந்து, என் கையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் கமர்கட்டும் கடலையும் விற்ற அம்மாளும் அப்படித்தான் போடுவாள். தவறவிடாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஐந்தாம் வகுப்பில். அன்றும் பிடித்தேன். பொட்டலத்தை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு தெரு முழுவதும் தள்ளிப் போனேன். பின்னாளில் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதும் வேலையில் எத்தனையோ சாட்சிகள் கூண்டில் நின்று உண்மையைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நசுங்கிய டயர்தான் ஞாபகம் வரும்.

உத்திரமேரூர் வரை தள்ளினேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மணி அடித்து முடிந்திருந்தது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குடிமக்களின் உரிமைகள் என்று தலைப்புக் கொடுத்திருந்தார். கையில் கருப்பு மசி, வேட்டி ஓரத்தில் சங்கிலி எண்ணெய். பேசினேன். பையன்கள் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்றார் தலைமையாசிரியர்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், வக்கீலானா கார் வாங்கலாமா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் அந்தப் பள்ளியில் கடைசி பெஞ்சில்தான் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வாங்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் பசித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தேன். எறிந்துவிடலாம் என்றுதான் பிரித்தேன். சோம்பும் பூண்டும் மணத்தன. இரண்டையும் தின்றேன். ஆறிப்போயும் வடை நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை. கடைக்காரர் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பங்க்சரே இல்லியே. வால்வுத் திருகுதான் லூசா கீது. மூடியக் காணோம். யாருனா பசங்க நோண்டினாங்களா?"

"பசங்க இல்ல" என்றேன்.

திருகை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, கல் மாதிரி காற்றடித்துக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் வேகமாக மிதித்தேன். மதகு தாண்டியது. தெரு நேராகக் கிடந்தது. யாரைப் பார்த்தும் இறங்குவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தெருவுக்குள் புகுந்தேன். பாதித் தெரு வந்தபோதுதான் சாவடி தெளிவாகத் தெரிந்தது. முதல் தூணுக்கு அருகே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பா நின்றிருந்தார். சாவடிக்குள் மணியக்காரர் அறுப்புக்கு ஆள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகு இந்தப் பக்கம்.

"சரி ஆண்டே" என்று அப்பா அவரிடம் சொல்வது, நெருங்கியபோது கேட்டது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கை காட்டவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

இறங்கினேன்.

தூண் வரை தள்ளிப் போனேன். இரண்டு பேரும் சேர்ந்து ஊர் எல்லையைத் தாண்டினோம். வரப்பில் ஏறியதும் அப்பா வெற்றிலைப் பையைப் பிரித்தார். பாக்கைத் துழாவி, வால்வு மூடியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கீய கெடந்துச்சு" என்றார்.

"பங்க்சரே இல்லியாம், நைனா. கடைக்காரர் சொன்னாரு."

"அத்த யாருகிட்டயும் சொல்லாதே."

அவர் முன்னால் நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். மறுநாள் அறுப்புக்கு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.