முக்கூடல் மில்லில் ஆடிய ஏழு கோடுகள்

எங்கள் தொழிலில் ஒயரை இழுப்பது ஒரு நாள் வேலை. இழுத்த ஒயருக்குள் கூப்பிடாத ஆள் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவது ஆயுள் முழுக்க வேலை. சூடு பார்க்கும் சென்சார், அதைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டிக்கு அனுப்புவது ஒரு முணுமுணுப்புதான். பக்கத்தில் பெரிய மோட்டார் ஒன்று ஓடினால் போதும், அதன் மின்சாரம் அந்த முணுமுணுப்பின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பாஷையில் அதற்கு நாய்ஸ் என்று பெயர். திரையில் கோடு ஆடுவதைப் பார்த்துத் தண்ணீர் குடித்து, மறுபடி பார்த்து, மறுபடி தண்ணீர் குடித்தவர்கள் என் இனம். அவர்களுக்காகத்தான் பிள்ளை தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது என் மகளுக்கு எட்டு மாதம். மேனேஜர் சாமுவேல் சார் முக்கூடல் பக்கம் ஓர் அரிசி மில்லை என்னிடம் கொடுத்தார். அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையர் அங்கே மூன்று மாடி உயரம். அதில் ஏழு இடத்தில் சூடு பார்க்க வேண்டும்; சூடு மிஞ்சினால் அரிசி நொறுங்கிவிடும். இரண்டு வாரத்தில் ஏழு கோடும் ஆடாமல் வந்தால் திருநெல்வேலியிலேயே வேலை. வராவிட்டால் ஓசூர் கிளையில் மேஜை வேலை. என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஓசூர் என்றால் பிள்ளை மாமியாரிடம், நான் ரயிலில்.

ஒரே குழாய்

மில் எலெக்ட்ரீஷியன் முத்தையா அண்ணாச்சி சுத்தக்காரர். நான் போவதற்கு முன்பே சென்சார் ஒயர், மோட்டார் ஒயர், ட்யூப்லைட் ஒயர் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் குழாயில் விட்டு, சுவரோடு சுவராக, கோடு போட்ட மாதிரி அடித்து வைத்திருந்தார். பார்க்க அவ்வளவு அழகு. டிரையருக்குக் காற்றடிக்கும் பெரிய மோட்டாரை, அந்தப் புளோயரை, போட்டதும் திரையில் நாற்பத்திரண்டு, அறுபத்தைந்து, முப்பது என்று ஏலம் போக ஆரம்பித்தது.

சென்சார் ஒயரைத் தனியாகப் பிரித்து, மோட்டார் ஒயரிலிருந்து இரண்டடி தள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்றேன். குறுக்கே போயே ஆகவேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி தாண்டிவிட வேண்டும், கூடவே நடக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் தன் குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒரே வீட்டுல இருந்தா ஒருத்தர் பேசுதது அடுத்தவுக காதுல விழத்தான் செய்யும். அதுக்குன்னு ஒயருக்குத் தனிக்குடித்தனமாம்மா?"

சடை

சென்சாரிலிருந்து, கேபிள் தொடங்கும் சந்திப்புப் பெட்டி வரைக்கும் மூன்று மூன்று தனி ஒயர்கள். அவை அகன்று கிடந்தால் நடுவில் கண்டதும் புகும். ஒன்றையொன்று சுற்றிப் பின்னியிருக்க வேண்டும். ஏழு சென்சாருக்கும் நானே பின்ன உட்கார்ந்தேன். ஒன்று முடிவதற்குள் விரல் வீங்கிவிட்டது. களத்தில் நெல் கிண்டும் பேச்சியம்மாள் அக்கா அதைப் பார்த்துச் சகிக்காமல், கூட இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மற்ற ஆறும் அரை மணி நேரத்தில் முடிந்தது. எந்தக் கான்வென்ட் பிள்ளைக்கும் அவ்வளவு இறுக்கமாகப் பின்னல் போட்டிருக்க மாட்டார்கள். முனையில் டேப் சுற்றிவிட்டு அக்கா நிமிர்ந்து கேட்டார்: "பூ வைக்கணுமா, வேண்டாமா?"

எட்டாம் நம்பர்

பெட்டியில் எட்டு இணைப்பு. நாங்கள் கட்டியது ஏழு. கட்டாத எட்டாவது சும்மா இருக்காது. வெறும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழாவது என்ன சொல்கிறதோ அதையே திருப்பிச் சொல்லும். மில் முதலாளி செல்லத்துரை அண்ணாச்சிக்கு அந்த எட்டாவது கோட்டின்மேல் தனிப் பிரியம். நெல் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "இது உள்ளார நடுமத்தியில உள்ள சூடு" என்று விளக்கம் வேறு.

நான் போய், ஒரு துண்டு ஒயரால் எட்டாவதின் மூன்று வாயையும் சேர்த்து முடிந்தேன். கோடு தரையில் படுத்துவிட்டது. அங்கே சென்சாரே இல்லை அண்ணாச்சி என்று பெட்டியின் பின்புறத்தைத் திறந்தே காட்டினேன். அவர் திரையைப் பார்த்தபடி, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "மத்த ஏழும் ஆடுதப்போ அது ஒண்ணுதான் ஏழாவதுக்குத் துணையா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு, அதையும் கட்டிப்போட்டுட்டியளே."

இரட்டைக் காப்பு

இது என் வண்டவாளம். நான் பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், இழுத்ததை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்து, அவளை எழுப்பிவிட்டுத்தான் நிம்மதியடைவேன். ஒவ்வொரு சென்சார் கேபிளுக்குமேலும் கவசமாக ஒரு கம்பி வலை உண்டு. அதைப் பெட்டி இருக்கும் முனையில் மட்டும் எர்த்தில் கட்ட வேண்டும். அப்படித்தான் கட்டினேன். பிறகு, அது அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்து, மூன்றாம் மாடி வரை ஏறி, டிரையர் உடம்போடு ஏழு வலையின் மறுமுனையையும் யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டு வந்தேன்.

கோடுகள் முன்பு துள்ளின. இப்போது ஊஞ்சல் ஆடின. மூன்று நாள் தேடினேன். பெட்டியை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோனியாரிடம், வந்து சேர்ந்ததை ஒருதரம் தொலைத்துக் கொடுங்கள் என்று மன்றாடினேன். சாமுவேல் சார், திங்கட்கிழமை மத்தியானம் நேரில் வருவதாகப் போன் செய்தார். சனிக்கிழமை மாலை, கடைசி முயற்சியாக, கவசக் கம்பியிலேயே மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே ஓடக்கூடாத அந்தக் கம்பியில் மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே உள்ள எர்த்தும் கீழே உள்ள எர்த்தும் மின்னழுத்தத்தில் ஒரே மட்டத்தில் இல்லை. நான் நடுவில் பாலம் கட்டியிருக்கிறேன்.

முத்தையா அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். இருவரும் மாடி ஏறி ஏழையும் அவிழ்த்தோம். ஏழாவதை அவிழ்த்ததும் அவர் ஏணியில் நின்றபடியே சொன்னார்: "பயத்துல பின்வாசலையும் தொறந்து வச்சிக்கிட்டு, திருடன் எங்கன கூடி வந்தாம்னு மூணு நாளா தேடிருக்கிய."

ஏழு டம்ளர்

திங்கட்கிழமை காலை ஏழு கோடும் நேராக வந்தன. புளோயர் முழு வேகத்தில் ஓடியும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செல்லத்துரை அண்ணாச்சிக்கு இரண்டும் வரவில்லை. இரண்டு வாரமாகக் குதித்தது இப்போது குதிக்காவிட்டால், பெட்டி செத்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்றார். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட மாட்டேன், மேனேஜர் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஓசூர் கண்ணில் தெரிந்தது.

அவர் கையில் ஆவி பறக்கும் டீ இருந்தது. கேட்காமலே வாங்கி, முதல் சென்சாரைக் கழற்றி அதில் முக்கினேன். ஒன்றாம் கோடு சட்டென்று மேலே ஏறியது. அவர் எழுந்து வந்தார். மற்ற ஆறும் என்றார். கேபிள் எட்டாது; அதனால் டீ தான் சென்சாரைத் தேடிப் போக வேண்டும். கடையிலிருந்து ஆறு டீ வந்தது. டிரையரில் நெல் இல்லை, அடுப்பும் அணைத்திருந்தது. சோதனைக்காகப் புளோயரை மட்டும் ஓடவிட்டோம். படிக்கட்டு நெடுக, தட்டுக்கொருவராக, பேச்சியம்மாள் அக்கா, முத்தையா அண்ணாச்சி, மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர், கீழே முதலாளி என்று ஏழு பேர், கையில் டீ டம்ளர், டம்ளருக்குள் சென்சார் கம்பி. யாரும் அசையக் கூடாது என்று நான் கத்த, யாரும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் சாரின் கார் உள்ளே வந்தது. அவர் இறங்கி, ஏழு பேரையும் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார். யாரும் வணக்கம் சொல்லவில்லை, கை ஒழியவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றார். டீ ஆற ஆற ஏழு கோடும் பைய இறங்கிக்கொண்டிருந்தன, ஒரு நடுக்கம் இல்லாமல், அந்தப் பெரிய மோட்டார் இரைந்துகொண்டிருக்கும்போதே. செல்லத்துரை அண்ணாச்சி இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கையில் டீ இருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓசூருக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேம்மா, நீ வீட்டுக்குப் போயி பிள்ளையத் தூக்கு."

கோடு ஆடினால் எனக்கு வேலை தெரியாது என்பார்கள், ஆடாவிட்டால் பெட்டிக்கு உயிரில்லை என்பார்கள். ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மீட்டர் வாங்க மறந்தாலும், மில்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள மறக்கக் கூடாது.