ஐயா கேட்ட மழை

என் கணவருக்கு எதையும் கொஞ்சமாகக் கேட்கத் தெரியாது. வீட்டில் மூன்றாவது தோசை கேட்கக் கூச்சப்படுகிற மனிதர், முழங்கால் போட்டு ஆண்டவரிடம் பேசத் தொடங்கினால் ஆளே மாறிவிடுவார். மிஷனரியாகப் போடிக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். நான் கேலி செய்தால், கொடுக்கிறவர் பெரியவர், கேட்கிற நாம் ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும் என்பார்.

எங்கள் சபை குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டச் சரிவில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வருகிறவர்கள் எல்லாரும் தோட்டக் கூலிகள். இந்த வருஷம் கோடை மழை பொய்த்தது. ஏலச்செடி வெயில் தாங்காது. இலை சுருண்டு தண்டு காயத் தொடங்கியது. செடி போனால் அவர்களுக்கு வேலை இல்லை. ஐயா ஜெபம் பண்ண வேண்டும் என்று வந்து நின்றார்கள். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் வைத்தோம். கடைசி வெள்ளியன்று அவர் கையை உயர்த்தி, இந்த மலை கொள்ளுமட்டும் மழை தாரும் என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை மதியம் மழை வந்தது. கூடவே அப்படி ஒரு காற்று. மறுநாள் குரங்கணி வரைதான் ஜீப்பு போனது. மேலே நடந்தே ஏறினோம். நிழல் மரங்கள் வேரோடு சாய்ந்து, ஏலச்செடிகள் அடியில் நசுங்கிக் கிடந்தன. சபையில் சுவர் மட்டும் நின்றது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். பிய்த்தது வரைக்கும் சரிதான் என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

எங்கள் தகரங்களில் நான்கைச் சபையார் ஒருவரே தன் வீட்டுக் கூரையில் ஆணியடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கைக்குழந்தை அழுதது. அதை எப்படித் திருப்பிக் கேட்பது? ஆனால் மற்றவர்களும் எங்களைக் கண்டதும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். தகரத்துக்காகவா இப்படி ஒளிகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஆராதனையில் டோலக் வாசிக்கிறவர் மேல் மரம் விழுந்ததென்று அங்கேதான் தெரிந்தது. கம்பளியில் தூக்கி, தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நேரே அங்கே போனோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நடப்பாரா மாட்டாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டில் அருகே டோலக்காரரின் மனைவி நின்றாள். மகளின் காய்ச்சல் என் கணவர் ஜெபித்து விட்டது என்று, அந்த மலையில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவள் அவள்தான்.

நோயாளியின் நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். என் கணவர் எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். எப்போதும் நாலடி தள்ளியே நிற்கும் அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயா, கோவிச்சுக்கிறாதீங்க. இவருக்கு நீங்க ஜெபம் பண்ண வேணாம்."

விசுவாசம் விட்டுப்போனது என்று நினைத்து அவர் ஆறுதலாக ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆண்டவரு கேக்கலேன்னு சொல்லலய்யா. நீங்க கேட்டா அவரு அளவு பாக்காமக் குடுத்துர்றாரு. மழை கேட்டீங்க, மலையே தாங்கல. இந்த ஒடம்பு எப்படித் தாங்கும்?"

மலையில் மற்றவர்கள் ஒதுங்கிப் போனது தகரத்துக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். ஜெபம் கேட்கப்படும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். புயல் இவர் ஜெபத்தால் வரவில்லை என்று சொன்னால், அவள் மகளுக்குக் காய்ச்சல் விட்டதும் ஜெபத்தால் இல்லை என்றாகிவிடும். என் கணவர் குப்பியை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஒரு மனிதர் அப்படிச் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க கேளுங்க. சின்னதாக் கேளுங்க. கால் வெரல் ஒண்ணு அசைஞ்சாப் போதும்."

சபையில் நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள், சமைத்துப் போடுபவள்; நோயாளிக்கு ஜெபித்ததில்லை. படுத்திருந்தவர் பாதத்தில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. கண்ணை மூடினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. கேட்டு நடக்காவிட்டால் இவளுக்கு வேறென்ன மிச்சம் என்று பயந்தேன். கேட்டு, அது வேறு ஏதாவதாக வந்துவிட்டால் என்றும் பயந்தேன். அவளுடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வெகுநேரம் அப்படியே நின்றேன். முடித்துவிட்டேன் என்று நினைத்து அவள் மெதுவாக "ஆமென்" என்றாள். படுத்திருந்தவரின் உதடும் அசைந்தது. நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போர்வையை விலக்கிவிட்டு, குனிந்து அவர் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.