ஏணிக்கும் மேடைக்கும் நடுவே

நான் புளுகுவேன். எங்கள் ஊர் டுலூத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பிடித்த மீன்கள் வருடா வருடம் வளரும். எங்கள் தேவாலயத்தில் காப்பி ஊற்றும் பெண்கள், நான் வாயைத் திறந்தால் கையால் அளந்து காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் இது நடந்தது. பனியின் உயரத்தில் மட்டும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன், மற்றபடி ஒரு சொல்லும் கூட்டவில்லை.

1997, ஜனவரி 12. ஞாயிற்றுக்கிழமை.

அன்றைய பனியில் என் கார் காணாமல் போனது. ஏப்ரலில்தான் திரும்பக் கிடைத்தது. நான் நடந்தே அலுவலகம் போனேன். பழைய செங்கல் கட்டடம், இரண்டாவது மாடி, மொத்தம் நான்கு மேசை. தானியம் சேமிக்கும் கோபுரங்களுக்கும் அவற்றின் ஏணிகளுக்கும் கம்ப்யூட்டரில் படம் வரைவது எங்கள் தொழில். ஞாயிற்றுக்கிழமை எதற்குப் போனேன் என்றால், வேலை இருந்தது. அதைவிட, வீட்டில் யாரும் இல்லை. என் கணவர் வைனோ போய் மூன்று வருடமாகியும் நான் இரண்டு கோப்பை காப்பிதான் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஹீட்டராவது சத்தம் போடும். டக்... டக்... என்று.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படம் கொடுத்தாக வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரான சுப்பீரியரில், ஒரு கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு மிச்சம் இருந்தது எழுத்து வேலை மட்டும். படத்தில் குறிப்புகள் சேர்ப்பது, திருத்துவது, அளவுகளைச் சரிபார்ப்பது. பதினோரு குறிப்புகளையும் அடித்து முடித்தபோது மணி 3.50. ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். போன் அடித்தது. முதலாளி ரோஜர்.

"ஆர்லீன், உயிரோட இருக்கியா?"

"பாதி இருக்கேன். மீதியை வாசல்ல பனி மூடிடுச்சு."

"அந்த மேல் மேடை இருக்குல்ல, ஏணியில இருந்து ரெண்டடி தள்ளிப் போட்டிருக்கியாமே. ஒரு அடிதான் இருக்கணுமாம். மாத்திடு தாயே."

"இப்பவா? முழுசா திரும்ப வரையணும் ரோஜர். நாலு மணி நேரம்!"

"எப்படியோ பண்ணு. எட்டு மணிக்கு வேணும்."

வைத்துவிட்டார்.

எப்படியோ பண்ண ஒரு வழி உண்டு. படத்தைத் தொடவே வேண்டாம். அளவைக் காட்டும் எண்ணின் மேல் சொடுக்கி, உண்மையான எண்ணுக்குப் பதில் நமக்குப் பிடித்த எண்ணை அடித்துவிடலாம். பட்டறையில் அளந்து கம்பி வெட்டும் கோடு இரண்டடிதான் இருக்கும். எழுத்து ஒரு அடி என்று சொல்லும். நாலு மணி நேர வேலை நாலே நொடியில் முடியும். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் எவருமில்லை. நானும் செய்திருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

4.02. 'ஒரு அடி' என்று அடித்தேன். சேமித்தேன். பிளாட்டருக்கு அனுப்பினேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு பெரிய தாளில் தானே வரையும் இயந்திரம் அது. கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டடி.

சேமிக்க மறந்திருப்பேன் என்று நினைத்தேன். வயது ஐம்பத்தெட்டு, மறதிக்கு உரிமை உண்டு. திரும்ப அடித்தேன். இந்த முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சேமித்தேன். 4.15. கிர்ர்... கிர்ர்...

இரண்டடி.

இப்போது இன்னொன்றும் இருந்தது. ஏணிக்கும் மேடைக்கும் நடுவே, வெற்றிடத்தில், ஒரு சின்னக் கருப்புப் புள்ளி. பேனா மை சிந்தியிருக்கும் என்று முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஜனவரியில் நாலரைக்கே இரவு.

அப்போதுதான் அந்த வாசனை... கோதுமைத் தூசி. கோபுரத்துக்கு உள்ளே போனால் மூக்கை அடைக்குமே, அந்தத் தூசி. இரண்டாவது மாடியில், பூட்டிய அறைக்குள்.

4.31. மூன்றாவது முறை அடித்தேன். என் கண் முன்னாலேயே, நான் எதையும் தொடாமல், எண் மாறியது.

இரண்டடி.

ஹீட்டர் நின்றது.

அந்தப் புள்ளி திரையிலும் இருந்தது. புள்ளி என்றால் புள்ளிதானே, பெரிதாக்கிப் பார்ப்போம் என்று பெரிதாக்கினேன். புள்ளியாகவே இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். நாற்பது முறை பெரிதாக்கியிருப்பேன். சரி, பதினைந்து முறை.

புள்ளி நீண்டது.

கோடானது.

கோடு... எழுத்தானது.

யாரோ ஒரு முழு வரியை, கண்ணுக்கே தெரியாத அளவில், அந்த இடைவெளிக்குள் அடித்து வைத்திருந்தார்கள்.

'இந்தத் தடவையும் ரெண்டடிதான், ஆர்லீன்.'

எனக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து... இழுத்து...

நான் திரும்பவில்லை.

4.40.

"சரிப்பா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வரையறேன். முழுசா வரையறேன்."

மூச்சு நின்றது. ஆள் போகவில்லை, பின்னாலேயே நின்றது. அவ்வளவுதான்.

மேடையை அழித்தேன். ஏணியிலிருந்து ஒரு அடியில் புதிதாக வரைந்தேன். தாங்கும் கம்பிகள், போல்ட்டுகள், கைப்பிடி, ஒவ்வொன்றாக. எந்த எண்ணையும் நான் அடிக்கவில்லை, கோடுகளே சொல்லிக்கொண்டன. ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் பயம் போய்விட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் இருக்கும் அறையில் இன்னொருவர் இருந்தார்.

8.52. தாள் வெளியே வந்தது. ஒரு அடி. புள்ளி இல்லை. ஹீட்டர் டக் என்றது.

மறுநாள் காலை 7.40. பனியால் தபால் வண்டி வராது என்று சுப்பீரியரில் கோபுரம் கட்டும் மேஸ்திரி டென்னியே தாளை வாங்க வந்தான். எங்கள் படங்களை வைத்துப் பல வருடம் கட்டியவன். முகத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல் முறை. கையில் டோனட் பெட்டி.

"ராத்திரியெல்லாம் இங்கதானா? ஆளு பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களேம்மா!"

"உன் மூஞ்சி மட்டும் என்னவாம், மாப்பிள்ளை மூஞ்சியா? டோனட்டைக் குடு."

சிரித்தான். எனக்குத்தான் அந்த 'இந்தத் தடவையும்' என்ற சொல் மனதை விட்டுப் போகவில்லை. கேட்டுவிட்டேன்.

"டென்னி, இதுக்கு முன்னாடி எங்க படத்தால ஏதாவது ஆச்சா? ஏணி, மேடை... இந்த மாதிரி?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"ரோஜர் சொல்லலையா?"

"எதை?"

"கிரூக்ஸ்டன் ஊர்ல, அங்க கட்டின கோபுரத்துல. தொண்ணூத்தி மூணு நவம்பர். படம் போட்டவங்க வீட்டுல அப்பத்தான் ஒரு சாவு, அவங்க காதுல போடாதீங்கன்னுட்டாரு. அது... நீங்களா?"

நான் தலையாட்டினேன். வைனோவைப் புதைத்த மாதம் அது.

"சாயங்காலம், நல்ல இருட்டு. வெண்டல்னு ஒருத்தன், ஏணி உச்சியில நிக்கிறான். தாளைப் பார்த்து நான்தான் கத்தினேன், ஒரு அடிதான்டா, எட்டி வைடான்னு. வெச்சான். அங்க மேடை இல்ல, ரெண்டடி தள்ளி இருந்துச்சு."

"உடனே... போயிட்டானா?"

"இல்லம்மா. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். என் மடியிலதான் கிடந்தான். அந்தத் தாளை எடுன்னான். மூலையில வரைஞ்சவங்க பேரு இருக்கும்ல, படின்னான். ஏ.என்.னு ரெண்டெழுத்துதான் இருந்துச்சு. முழுப் பேரு என்னன்னு கேட்டான். தெரியலடான்னேன்."

டென்னி தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பரவால்ல, நானே போய்த் தெரிஞ்சுக்கறேன்னான்."