எழுபது சென்டிமீட்டர்

ரொட்டிக்கடை வாசலில் சக்கர நாற்காலியை ஒருக்களித்து நிறுத்தி, இடுப்புவரை குனிந்து, மடக்கு அளவுகோலைப் படியோடு ஒட்டவைத்துப் பார்க்கிறார் கெசீனே. வாங்க வந்தவர்கள் அவருக்குப் பின்னால் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரி நூர்த்தன் மாவு ஒட்டிய கையோடு வெளியே வருகிறார்.

“இத்தனூண்டு படிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ரெண்டு பேரு பிடிச்சா உன்னைத் தூக்கி உள்ள வச்சிடுவோம்.”

“நான் என்ன சோபாவா, தூக்கி உள்ள வைக்க?” நிமிராமலே கேட்கிறார் கெசீனே. “பதினோரு சென்டிமீட்டர். சிவப்பு.”

“இந்தப் படிக்காக என் கடையை ஊர் பூரா சிவப்பாக் காட்டுவியா?”

“உன் ரொட்டிக்குப் பச்சை. வாசலுக்குச் சிவப்பு. இப்ப எள்ளு ரொட்டி ரெண்டு குடு, இங்கயே வச்சுத் தின்னுக்கறேன்.”

யாரும் பார்த்து எழுதக்கூடிய கைப்பேசி வரைபடத்தில் அந்தக் கடையின் மேல் சிவப்புப் புள்ளி விழுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் தடையின்றி நுழையலாம் என்றால் பச்சை. ஒரே படி, அதுவும் ஏழு சென்டிமீட்டருக்குள் என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் சிவப்பு. பெர்லினில் நொய்க்கோல்ன் பகுதியில் மட்டும் அவர் கைபட்ட புள்ளிகள் இரண்டாயிரத்துக்கு மேல். இதற்குச் சம்பளம் கிடையாது. செய்யச் சொல்லி யாரும் கேட்டதும் கிடையாது.

அறுபத்தொரு வயது. தொலைபேசி எண்களின் தடித்த புத்தகத்தை அச்சிட்ட அச்சகத்தில் பதினாறு ஆண்டுகள் பிழை திருத்தியவர். முதுகுத்தண்டில் வளர்ந்த கட்டியை அறுத்தெடுத்தபோது கால்கள் போய்விட்டன. பிழை தேடும் கண் போகவில்லை. “ஒரு எண்ணு மாறிச்சுன்னா, டாக்டரைக் கூப்பிடறவன் கறிக்கடைக்காரனை எழுப்பி விட்டுருவான்” என்பார். ‘அநேகமாக’ என்று யாராவது தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே கழிப்பறைக் கதவின் அகலத்தைக் கேட்பார்.

இத்தனை கறாரான மனுஷி, சென்ற அக்டோபரில் ஒரு வாக்கை மட்டும் அளக்காமல் கொடுத்துவிட்டார்.

நகரின் மறுகோடியான ஷ்பாண்டாவில் இருக்கும் யோர்ன் என்ற இளைஞன், நலத்துறை அலுவலகம் ஒன்றின் பச்சைப் புள்ளிக்குக் கீழே எழுதியிருந்தான்: “என்னுது மோட்டார் நாற்காலி. நூத்தி அறுபது கிலோ. யாராலயும் தூக்க முடியாது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அங்க விசாரணை. எனக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உதவியாளர் வருவார், அதை நாலாக் குறைச்சுட்டாங்க. நான் நேர்ல போகலேன்னா அதுவே முடிவாயிரும். நிச்சயமா உள்ள போக வழி இருக்கா?”

கெசீனே பதில் போட்டார்: “இருக்கு. பின்முற்றத்துல சாய்தளம், உள்ள லிஃப்ட். நானே அளந்திருக்கேன். தைரியமா வா.”

அளந்தது மார்ச் மாதம்.

வியாழன் காலையில் காபியை ஊற்றி வைத்துக்கொண்டு, குடிக்காமல், அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம். கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தின் பின்முற்றத்துக்குள் நுழையும்போது மணி பத்து இருபது. சாய்தளத்தின் மேல் இரும்புக் குழாய்களும் பலகைகளும் மார்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. சுவருக்குச் சாரம் கட்ட வந்திருந்தார்கள். முன்வாசலில் பதினான்கு படிகள். கெசீனே முதல் வேலையாகப் பச்சைப் புள்ளியைச் சிவப்பாக மாற்றினார். அது இனி கிளம்புகிறவர்களுக்கு உதவும், கிளம்பிவிட்டவனுக்கு உதவாது. அவனுடைய தொலைபேசி எண் அவரிடம் இல்லை. வரைபடத்தில் எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை.

முன்பக்கம் போய், படிக்குக் கீழே நின்று காவலாளியைக் கூவி அழைத்தார். அவர் படிமேல் நின்றபடியே பேசினார்.

“விசாரணை மூணாவது மாடியில. ஆள் அறையில இருக்கணும், அதான் விதி. நாலு பேரு சேர்ந்தா இந்தப் படியில தூக்கிட மாட்டோமா?”

“நாற்காலியே நூத்தி அறுபது. அதுல உக்காந்திருக்கறவன் வேற. உங்க முதுகுக்கு என்ன விதி?”

காவலாளி உள்ளே போய்விட்டார்.

பத்து முப்பத்தைந்து. கெசீனே மறுபடி முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். சாரவேலை மேஸ்திரி நோவாக், காதில் பென்சிலும் வாயில் சிகரெட்டுமாக ஒரு தடித்த மனிதர், குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“இதை எடுக்கணும். பதினோரு மணிக்கு ஒருத்தர் இந்த வழியா உள்ள போகணும்.”

“ஏம்மா, ரெண்டு டன் இரும்பு. உங்க சமையலறை நாற்காலியா, தள்ளி வைக்க? மத்தியானத்துக்குள்ள எல்லாம் சுவத்துல ஏறிடும். அப்புறம் வரச்சொல்லுங்க.”

“அப்புறம் வந்தா வராத மாதிரிதான்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? எனக்கு மேல ஒருத்தன் இருக்கான்.” அவர் மறுபடி எண்ணத் தொடங்கினார்.

கெசீனே சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பற்றி முன்னால் சரிந்து, அளவுகோலை விரித்துச் சுவரோரம் வைத்தார்.

“எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். இந்தச் சுவரோர அடுக்கு மட்டும். எழுபது சென்டிமீட்டர். அவ்வளவுதான் கேக்கறேன்.”

“இங்க வழி இருக்குன்னு எந்த முட்டாள் சொன்னான் அவர்கிட்ட?”

“நான்தான்.”

நோவாக் திரும்பிப் பார்த்தார்.

“மறுபடி வந்து பாக்காமலே, இருக்குன்னு எழுதிட்டேன். அவன் பாதி வழி வந்திருப்பான் இப்போ.”

நோவாக் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோர அடுக்கைப் பார்த்தார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். “எழுபது பத்தாது, முட்டி சிராய்க்கும். எழுபத்தஞ்சு. டேய், வாங்கடா எல்லாரும்!”

ஆறு பேர் இறங்கினார்கள். குழாய்கள் ஒவ்வொன்றாக முற்றத்துக் கல்லில் விழ, அதிர்வு கெசீனேவின் கைகள்வரை ஏறியது. பத்து நாற்பத்தெட்டு. பாதிதான் குறைந்திருந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு மோட்டார் ஒலி கேட்டது. யோர்ன் முற்றத்தின் நுழைவு வளைவுக்குள் வந்து, அந்த இரும்புக் குவியலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மடியில் கோப்பு.

“பச்சைன்னு போட்டிருந்துது.”

“நான்தான் கெசீனே. தப்பு என்னுது. திட்டறதை அப்புறம் திட்டு. இப்ப சுவரோரமா வா.”

“இடிச்சு மோட்டார் நின்னுட்டா?”

“நிக்காது. கையை உள்ள மடக்கிக்கோ.”

கடைசிக் குழாயை நோவாக்கே தோளில் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். யோர்ன் அங்குலம் அங்குலமாக ஏறினான். சக்கரத்தின் மூடி ஓரிடத்தில் இரும்பை உரசிக் கிறீச்சிட்டது. பிறகு கதவு திறந்து, அவன் முதுகு உள்ளே மறைந்தது. பத்து ஐம்பத்தெட்டு.

யாரோ ஒருவர் விசிலடித்தார். தூறல் போடத் தொடங்கியது. நோவாக் கையுறையைக் கழற்றிப் பிடரியைத் துடைத்துக்கொண்டு ஆட்களுக்குச் சைகை காட்ட, இரண்டு பேர் ஒரு நீளக் குழாயைத் தூக்கிச் சாய்தளத்தை நோக்கி வந்தார்கள்.

“வழி விடுங்கம்மா. அதான் அவர் உள்ள போயாச்சே!”

“உள்ள போயாச்சு” என்றார் கெசீனே. நாற்காலியைப் பின்னுக்கு உருட்டி, அந்த எழுபத்தைந்து சென்டிமீட்டரின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பக்கத்து பிரேக்கையும் இழுத்து இறுக்கினார்.