தனித்திறமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பத்து வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அதற்கு விண்ணப்பம் போட வருகிற அப்பா அம்மாவைத் தேற்றி அனுப்புவதுதான் வேலை. உதவி மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்த எந்த வாத்தியாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 'சிறப்புத் திறன் வகுப்பு' என்று ஒன்று உண்டு. விடுதி, சாப்பாடு, தனிப் பயிற்சி எல்லாம் இலவசம். இடம் நாற்பது. அதற்கு மாவட்டம் முழுக்க இருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுத வருவார்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும். ஆன்லைன் என்றாலே மிரளுகிறவர்களுக்காகப் பள்ளி வராந்தாவில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், டோக்கன் கொடுக்க அலுவலக உதவியாளர் மாதையண்ணன், டைப் அடிக்க நான். மூன்று வருஷமாக என் கோடை விடுமுறை இப்படித்தான் கழிகிறது. பிள்ளையின் சீட்டுக்காக நீங்களும் எங்கேயாவது வரிசையில் நின்றிருப்பீர்கள். கீழே வருகிறவர்களில் யாராவது உங்களைப் போலவே இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று சௌமியாக்கள்

முதல் வாரம் முழுக்கப் பெயர்த் தகராறுதான். பொம்மிடிப் பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி மகளோடு வந்தார். ஆதாரில் பிள்ளையின் பெயர் சவுமியா. பிறப்புச் சான்றிதழில் சௌம்யா. சாதிச் சான்றிதழில் யார் புண்ணியத்திலோ சௌமிகா. கம்ப்யூட்டர் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. "எல்லாத்துலயும் ஒரே பேரு இருக்கணும்ணா. மாத்திட்டு வாங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு" என்றேன். ஏற்கெனவே இதற்காக மூன்று தடவை தர்மபுரிக்கு அலைந்தவராம்.

கடைசி நாள் மதியம் மூன்று காகிதத்திலும் ஒரே பெயரோடு அவர் வந்து நின்று, விண்ணப்பமும் போட்டுவிட்டோம். ஆனால் அந்த முதல் நாள், மேஜை மேல் கிடந்த மூன்று காகிதங்களையும் பக்கத்தில் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனையை என்னால் மறக்க முடியவில்லை: "மூணு பேருக்கும் தனித்தனியா ஒரு விண்ணப்பம் போட்டுடுங்க டீச்சர், ஒருத்திக்காச்சும் கெடைக்காமலா போயிடும்?"

கோப்போடு வந்த பையன்

தர்மபுரி டவுனிலிருந்து ஓர் அப்பா மகனோடு காரில் வந்தார். கையில் கனமான கோப்பு. அபாகஸ், செஸ், சிலம்பம், கையெழுத்துப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் லேமினேட் செய்த சான்றிதழ். அவற்றை ஏற்றுவதற்கு விண்ணப்பத்தில் இடமே இல்லை என்று சொன்னேன். அவருக்குத் தாங்கவில்லை. "நீங்களே பாருங்க மேடம்" என்று நான் கேட்காமலே பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். "ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம்?" "கான்பெரா." "பதினேழு இன்ட்டு பதினாறு?" "இருநூத்து எழுபத்திரெண்டு." பையன் மூச்சு விடாமல் சொன்னான். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் மறைய ஆரம்பித்தன.

எனக்குப் பையன் மேல் பரிதாபம் வந்தது. அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணு, உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? அதைச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கோப்பைப் பார்த்தார். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுக்கு அப்பா இன்னும் பதில் சொல்லித் தரலைங்க மிஸ்" என்றான்.

பச்சைச் சேலை அந்தப் பக்கம்

விண்ணப்பத்தின் கடைசியில் 'பிள்ளையின் தனித்திறமை' என்று ஒரு கட்டம் இருக்கும். பெற்றோர் தங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பாதிப் பேர் எழுந்து போகப் பார்ப்பார்கள். ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிற சின்னராஜும் அப்படித்தான். "எங்க பாப்பாவுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். படிக்கும், அவ்ளோதான்" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நகராது. லீவு நாளில் என்ன செய்வாள் என்று துருவிக் கேட்டேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பாளாம். டூரிஸ்ட் கும்பல் வந்து லைஃப் ஜாக்கெட் மாட்டுவதற்குள், யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லிவிடுவாளாம். "பச்சைச் சேலை அம்மா அந்தப் பக்கம், எதுக்க இந்த ரெண்டு பசங்க. அப்படித்தாங்க சொல்லும். அது சொன்னபடி உக்கார வெச்சா பரிசல் ஆடாதுங்க."

தர்ஷினி என்ற அந்தப் பெண்ணிடம், எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். "குண்டா இருக்கறவங்க ஒருத்தருக்கு எதுக்க சின்னவங்க ரெண்டு பேரு வேணும் டீச்சர். ஆனா அந்தச் சின்னவங்க நல்லா ஓரத்துல உக்காந்தா ஒருத்தரே போதும்" என்றாள். மேல் வகுப்பில் பலகையில் படம் போட்டு நாங்கள் நடத்துகிற நெம்புகோல் பாடம் அது. பாதிப் பேருக்குப் புரியாது. இவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தே அதை முடித்துவிட்டிருந்தாள். தேர்விலும் பாஸாகி இப்போது எங்களிடம் ஏழாவது படிக்கிறாள். அன்றைக்கு அவள் சொன்னதை அப்படியே அந்தக் கட்டத்தில் நான் டைப் அடிக்க, சின்னராஜ் பதறிப்போய்த் தடுத்தார்: "அதையெல்லாம் எழுதாதீங்க டீச்சர், படிக்கற புள்ளைய ஏன் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்னு என்னைய கேப்பாங்க."

நானும் ஒரு பெற்றோர்

போன வருஷம் என் மகள் ஐந்தாவது முடித்தாள். அவளுக்கும் விண்ணப்பம் போட்டேன். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, உதவி மையத்தின் கம்ப்யூட்டரைத் தொடாமல், வீட்டில் உட்கார்ந்து என் செல்போனில் போட்டேன். ஊருக்கே போட்டுத் தருகிறவளுக்கு இதென்ன பெரிய விஷயம் என்ற நினைப்புதான். மூன்றாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணத்தைப் படித்தேன். பிள்ளையின் போட்டோ கேட்ட இடத்தில் என் போட்டோவை ஏற்றியிருந்தேன். முந்தின நாள்தான் இதே தப்பைச் செய்த ஓர் அம்மாவிடம், "கொஞ்சம் கவனமாப் பண்ணக் கூடாதாம்மா?" என்று சத்தம் போட்டிருந்தேன்.

போட்டோவை மாற்றி மறுபடி போட்டேன், பெண் தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது நான்தான். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அது பிறகு நடந்தது. விண்ணப்பம் திரும்பி வந்த அன்றைக்கு, என் செல்போனை எட்டிப் பார்த்த மாதையண்ணன் சிரிக்கவே இல்லை. டோக்கன் கட்டை எடுத்து மேலாக இருந்த சீட்டைக் கிழித்து என் முன்னால் வைத்தார்: "பதினாலாம் நம்பருங்க டீச்சர். வெளியே நெழல்ல நில்லுங்க, கூப்பிடறேன்."

மீசை வைத்த மீனா

தேர்வு நாளில் பிள்ளைகள் உள்ளே இரண்டு மணி நேரம். வெளியே பெற்றோருக்கு அது இரண்டு நாள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்ததும் வினாத்தாளைப் பிடுங்காத குறை. ஒரு கேள்வியில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். வரிசையில் மீனா முன்னாலிருந்து ஏழாவது, பின்னாலிருந்து பதினொன்றாவது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? "ஏழும் பதினொண்ணும் பதினெட்டு" என்றார் பெரிய மீசை வைத்த ஓர் அப்பா. லாரி ஓட்டுகிறவர். அவர் மகள் பதினேழு என்று எழுதிவிட்டாளாம். "இதுகூடத் தெரியாதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் பத்தொன்பது என்றார். ஆளாளுக்குப் பேச, சத்தம் கேட்டு நான் போனேன்.

விடையை நானே சொல்லியிருக்கலாம். அதற்குள் ஓர் அம்மா, "நின்னு பாத்துட்டாப் போச்சு!" என்றார். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் வரிசை உருவானது. மீசைக்காரர்தான் மீனா. அவருக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் பத்துப் பேர். ஆள் பற்றாமல் குல்ஃபி விற்கிறவரையும் மாதையண்ணனையும் இழுத்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணே வரிசையோரமாக நடந்து ஒவ்வொருவரையும் தொட்டு எண்ணினாள். பதினாறு, பதினேழு. வரிசை முடிந்துவிட்டது. மீசைக்காரர் நம்பாமல் தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு சத்தமெல்லாம் இறங்கி, "என்னையவே நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன் பாப்பா. நீதான் சரி. வா, குல்ஃபி சாப்பிடலாம்" என்றார்.

நூற்றுப் பன்னிரண்டு

முடிவு வந்த மறுநாள் ஒருவர் நேராக மேஜைக்கு வந்து சேரில் உட்கார்ந்தார். "எம் பையனுக்கு ஏன் கெடைக்கலை?" பட்டியலைப் பார்த்தேன். பையன் நூற்றுப் பன்னிரண்டாவது இடம். நல்ல மதிப்பெண்தான், ஆனால் இடம் நாற்பதுதானே என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகவே கேட்டுவிட்டு, "அப்ப நூத்திப் பன்னெண்டு சீட்டாப் போட்டுடுங்களேன் டீச்சர், யாருக்கும் மனசு கஷ்டமில்லை" என்றார். மாதையண்ணன் முந்திக்கொண்டார்: "போடலாங்க. ஆனா நூத்திப் பதிமூணாவது பையனோட அப்பா நாளைக்குக் காலையில இதே சேர்ல வந்து உக்காந்திருப்பாருங்க."

"கெடைக்காம பண்ண முடியுங்களா?"

தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் ஒருநாள், ஏரியூர்ப் பக்கத்திலிருந்து செல்வி என்ற அம்மா தனியாக வந்தார். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து, "டீச்சர், ஒரு உதவி" என்றார். சிபாரிசுதான் கேட்கப் போகிறார் என்று நினைத்து என் வழக்கமான பதிலோடு தயாராக இருந்தேன். "பையன் நல்லா எழுதியிருக்கேன்னு சொல்றானுங்க. அவனுக்குக் கெடைக்காம பண்ண முடியுங்களா?" என்றார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருவார். "வூட்ல நானும் கோகுலும்தானுங்க. அவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டா நான் யாரோட பேசறது?"

மதிப்பெண்ணில் யாரும் கை வைக்க முடியாது, ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். கோகுலுக்குப் பத்தொன்பதாவது இடம் கிடைத்தது.

சேர்க்கை நாளன்று மாலை ஐந்து மணி வரை நேரம். அதற்குள் வராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நான்கு மணிக்கு முப்பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். செல்விக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று சொன்னதும் நான்தான். ஆனாலும் மனசு கேட்காமல் திரும்பத் திரும்பப் போட்டேன். தலைமை ஆசிரியர் அடுத்த பிள்ளையின் நம்பரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். மாதையண்ணன் கேட்டுக்குப் போய் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார்கள். கோகுல் ஒரு கையில் பிளாஸ்டிக் பக்கெட்டும் இன்னொரு கையில் அம்மாவின் கையுமாக வந்தான். அவர் முகம் அழுது வீங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, ஏம்மா இவ்வளவு நேரம் என்று கேட்டேன். மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டாப்புல நின்னுட்டே ரெண்டு பஸ்ஸை விட்டுட்டனுங்க டீச்சர். மூணாவது பஸ்ஸுல இவந்தான் என் கையைப் புடிச்சு ஏத்திட்டான்."

மூன்று வருஷத்தில் நான் பார்த்தவரை, பிள்ளைகள் இந்தத் தேர்வை இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டுக் குல்ஃபி சாப்பிடப் போய்விடுகிறார்கள். நாம்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.